அழுமூஞ்சி சிரித்த கடிதம்

ஜனவரி 11

அன்புள்ள அழுமூஞ்சிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், என் காதைத் தவிர. போனில் நீ பேசுவது குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கிறது. உன் அத்தான் பக்கத்தில் நின்று நீ சொல்வதை எனக்குத் திருப்பிச் சொல்கிறார். அதில் பாதி அவரே சேர்த்த சரக்கு. குறுஞ்செய்தி அனுப்பு என்றால் நீ "சரி", "ம்" என்று முடித்துக்கொள்கிறாய். அதனால் இனிமேல் கடிதம்தான். தாளை எடுத்தால் நிரப்பித்தானே ஆக வேண்டும்?

கடைச் செய்தி சொல்கிறேன். கட்டடக்காரர் கட்டடத்தை விற்கப் போகிறாராம். முப்பத்திரண்டு வருஷமாக இங்கேயே மூக்குக்கண்ணாடி விற்கிறோம் என்பதால் முதலில் எங்களிடம் வந்து கேட்டார். "நவம்பர் வரைக்கும் வேற யாருக்கும் சொல்ல மாட்டேம்மா. அதுக்கப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். எங்கள் சேமிப்பு மூன்றில் இரண்டு பங்குக்கு வரும். மீதிக்கு வங்கியில் கேட்டோம். எங்கள் வயதைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

இனி திட்டாமல் படி. சேமிப்பில் பாதியை எடுத்து உன் கம்பெனியின் பங்குகளை வாங்கியிருக்கிறேன். லேசரை வைத்து யுரேனியம் செய்கிறார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. எனக்கு லேசரும் தெரியாது, யுரேனியமும் தெரியாது. உன்னைத் தெரியும். பதினோரு வயதில் இந்தக் கடையில் உட்கார்ந்து நீ துடைத்த லென்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. நீ இருக்கிற இடம் தப்பான இடமாக இருக்காது.

அங்கே என்னதான் செய்கிறீர்கள்? போட்டது நல்லதா கெட்டதா? ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. படித்ததும் கை கால் ஓடவில்லை. என்னைக் கேட்காமல் ஏன் போட்டாய்?

பத்திரிகையில் வந்ததை மட்டும் சொல்கிறேன், அதற்குத் தடை இல்லை. யுரேனியம் நாங்கள் செய்வதில்லை, அது மண்ணிலிருந்து வருகிறது. அதில் இரண்டு வகை அணுக்கள் கலந்து கிடக்கின்றன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆயிரத்துக்கு ஏழுதான் மின்நிலையத்துக்கு வேண்டிய வகை. அந்த ஏழின் பங்கைக் கூட்டுவதைத்தான் செறிவூட்டல் என்கிறார்கள். கூட்டத்தில் ஒருவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் மட்டும் திரும்பிப் பார்ப்பான் இல்லையா? லேசர் ஒளியைச் சரியான நிறத்தில் அடித்தால் அந்த வகை மட்டும் திரும்பும். திரும்பியதைப் பிரித்து எடுக்க வேண்டும். அந்த ஒளியைத் திருப்பிவிடுகிற கண்ணாடிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உன் கடையில் கற்றதுதான்.

மற்றதை என்னிடம் கேட்காதே. உள்ளே நடப்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன், பங்கை வாங்கு, விற்றுவிடு என்று எவருக்கும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் எலக்ட்ரீஷியன் தன் மச்சானிடம் ஏதோ சொல்லப்போய், மச்சான் பங்கை விற்று, இருவர் மேலும் இப்போது வழக்கு. எலக்ட்ரீஷியன் வேலையும் போய், ஊரைவிட்டும் போய்விட்டார்.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். எந்தத் தம்பியும் எந்த அக்காவுக்கும் சொல்வதுதான்: கடைக்காக வைத்த பணத்தை எந்தக் கம்பெனியிலும் போடாதே. நான் சேர்ந்த இடம் எது உருப்பட்டிருக்கிறது, சொல்.

உன் அழுமூஞ்சி


பிப்ரவரி 20

அன்புள்ள அழுமூஞ்சிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். பிரேமை முடுக்கிக்கொண்டிருந்தவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? "எல்லாம் போச்சுக்கா, நான் மெக்கானிக் ஷெட்டுக்குப் போறேன்" என்று அழுதாய். நூற்றுக்கு நூறு. பாலிடெக்னிக்கில் சேரும்போதும் அதே அழுகைதான், பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பல்லெல்லாம் தெரிய வீட்டுக்கு வந்தாய். அந்த லென்ஸ் ஆலை இன்டர்வியூ முடிந்து, "பிரமாதமா பண்ணியிருக்கேன்" என்றாய். அவர்கள் உனக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை.

அன்றைக்கு உன் அத்தான் ஒரு சட்டம் போட்டார். "உன் தம்பி அழுதா தைரியமா இரு. சிரிச்சாத்தான் பயப்படணும்." இந்த வீட்டில் இன்றுவரை அமலில் இருக்கிற சட்டம் அது ஒன்றுதான்.

நீ அழுதுவிட்டாய். அதனால் மீதிப் பாதியையும் போட்டுவிட்டேன். கோபப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்கா,

நான் விளையாடவில்லை. பத்தாம் வகுப்பில் நான் பையன். பரீட்சை என் கையில் இருந்தது. இங்கே என் கையில் இருப்பது கண்ணாடி துடைக்கிற துணி மட்டும்தான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். என்ன எழுதினாலும் நீ சிரிக்கிறாய். இதற்கு மேல் எழுதினால் கையெழுத்துப் போட்ட தாளை மீறினவன் ஆகிவிடுவேன். சோறு இறங்கவில்லை அக்கா. அத்தானிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவர் சிரிக்காமல் படிக்கட்டும்.

உன் அழுமூஞ்சி


ஜூலை 19

அன்புள்ள அழுமூஞ்சிக்கு,

நீ அழுத முகூர்த்தம், பங்கு இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! ஒரு பெரிய மின்சாரக் கம்பெனி உங்களோடு கைகோத்திருக்கிறதாமே. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நீ சொன்ன இரட்டைப் பிள்ளைகள் கதையைச் சொல்கிறேன். கண் சோதிக்க வந்தவர் எழுத்துப் பலகையைப் படிக்காமல் என் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது விற்றால் கட்டடம் நம்முடையது. கையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். "வித்துடலாம், போதும்" என்கிறார் உன் அத்தான். எனக்கு ஓர் ஆசை. இன்னும் கொஞ்சம் ஏறினால் மாடியில் அந்த உடைந்த பிரேம்கள் கிடக்கிற அறையை இடித்துக் கட்டி, சன்னல் வைத்து, உனக்கு என்று ஓர் அறை ஆக்கிவிடலாம். நாற்பத்திரண்டு வயதில் விடுதிக் கட்டிலில் படுத்திருக்கிறாய். எத்தனை நாளைக்கு?

எங்கள் சண்டையை நீதான் தீர்க்க வேண்டும். உன் அத்தான் சட்டப்படியே வைத்துக்கொள்வோம் என்கிறார். நீ அழுதால் வைத்திருப்போம், சிரித்தால் விற்றுவிடுவோம். உடனே எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. இங்கே எல்லாம் பிரமாதம். சாப்பாடு பிரமாதம். வேலை பிரமாதம். இதுவரை இவ்வளவு நம்பிக்கையோடு நான் எங்கேயும் வேலை பார்த்ததில்லை. காலையில் எழுந்தால் பாட்டுதான் வருகிறது. இனிமேல் நான் அழமாட்டேன்.

அத்தானுக்கு இதை இரண்டு முறை படித்துக் காட்டு.

உன் தம்பி


அக்டோபர் 6

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாக நீ பதில் போடவில்லை. பத்திரம், பதிவு, கொத்தனார் என்று அலைகிறாய் போலிருக்கிறது. செய்தி பார்த்திருப்பாய். மின்சாரக் கம்பெனி கையை விட்டுவிட்டது. பங்கு வியாபாரத்தை நிறுத்தி, திரும்பத் திறந்த அன்று காகித விலைக்குக்கூட ஆள் இல்லை. எங்களில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், என்னையும் சேர்த்துத்தான்.

எல்லாம் வெளியே வந்துவிட்டதால் இப்போது சொல்லலாம். அறிவிப்பிலேயே எழுதிவிட்டார்கள். லேசர் கூப்பிட்டது உண்மை, அணு திரும்பியதும் உண்மை. ஆனால் சோதனைக்கூடத்தில் ஒரு மணி நேரம் ஓடுவது வேறு, ஆலையில் மாதக்கணக்கில் ஓடுவது வேறு. ஒளியின் சூட்டில் கண்ணாடிகளின் மேல்பூச்சு உரிந்துவிடும். மாற்றுவேன், மறுபடி உரியும். மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் கருகிய கண்ணாடியைக் கழற்றும்போது உன் கடை வாசற்படிதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

நேராகச் சொல்லப் பயமாக இருந்தது. எலக்ட்ரீஷியன் முகம் நினைவுக்கு வரும். நீ ஜூலையில் அத்தான் சட்டத்தை எழுதியபோதுதான் மூச்சு வந்தது. சிரித்தால் விற்கிறேன் என்று நீயே வழி காட்டிவிட்டாய். அந்த ஆகஸ்ட் கடிதத்தை ஏழு முறை எழுதிக் கிழித்தேன். சிரிப்பாக எழுதுவது எவ்வளவு கஷ்டம்! பாட்டு வருகிறது என்று எழுதிய இடத்தில் நீ கண்டுபிடித்திருப்பாய். என் தொண்டையில் என்றைக்குப் பாட்டு வந்தது?

வேலை போனதில் வருத்தமே இல்லை அக்கா. என் வாழ்க்கையில் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறேன் என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. இந்த மாதக் கடைசியில் வருகிறேன். மாடி அறைக்குச் சன்னல் வைக்க வேண்டாம், செலவு. எனக்கு ஒரு மூலை போதும். அத்தானோடு லென்ஸ் உரசுகிறேன்.

உன் அழுமூஞ்சி


அக்டோபர் 18

தம்பிக்கு,

நாங்கள் விற்கவில்லை.

உன் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம், கட்டடத்தையும் முடித்து, அறையையும் முடித்து, சாவியைக் கடிதத்தோடு வைத்து அனுப்பி உன்னை அசத்தலாம் என்று இருந்ததுதான். அறைக்கு அளவுகூட எடுத்தாயிற்று. உன் புத்தக அலமாரி எந்தச் சுவரில் என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வைத்தேன்.

கடிதம் வந்த அன்று உன் அத்தானுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன், நீ சொன்னபடியே. அவர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது சரியில்ல. சட்டப்படி இன்னிக்கே வித்துடணும். கீழ பாரு, அழுமூஞ்சின்னு போடல" என்றார். நான்தான் சண்டை போட்டேன். "அது நாம விளையாட்டுக்குச் சொன்னது. என் தம்பி பொறந்ததுல இருந்து இன்னிக்குத்தான் சந்தோஷமா இருக்கேன்னு எழுதியிருக்கான். அதைப் போய்ச் சந்தேகப்படச் சொல்றீங்களா?" என்றேன். அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேலே கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் எடுத்துப் படித்தார்கள். காலையில் கடை திறந்ததும் அந்தப் பாட்டு வரியை நான் ஒரு முறை படித்துக்கொள்வேன்.

உன் குரல் எனக்குக் கேட்டிருந்தால் முதல் வார்த்தையிலேயே பிடித்திருப்பேன். காகிதத்தில் சிரித்தாய், காகிதத்தை நம்பினேன்.

எங்களால் முடியாது என்று நாங்களே சொல்லிவிட்டதால், கட்டடக்காரர் நவம்பர் வரை காத்திராமல் தளவாடக் கடைக்காரர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டார். முப்பதாம் தேதி காலி செய்ய வேண்டும். லென்ஸ் உரசுகிற இயந்திரத்தை எடைக்குப் போட்டோம். உன் அத்தான் ஒரு கடையில் நின்றுகொண்டு வேலை பார்க்கிறார், அறுபத்து மூன்று வயதில். அங்கே முதலாளி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணம் போனது என் பேராசை. அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மார்ச்சிலேயே உனக்குத் தெரியும் என்கிறாய். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை "வித்துடு" என்று ஒரு சொல் எழுத உனக்குக் கை வரவில்லை. எழுதியிருந்தால் உன் வேலை போயிருக்கும், வழக்கு வந்திருக்கும். எனக்குப் புரிகிறது. யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். ஆனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுவிட்டு, உருப்படியாக ஒரு காரியம் செய்தேன், நெஞ்சு நிறைகிறது என்று எழுதுகிறாயே, அந்த இடத்தில்தான் படிப்பதை நிறுத்திவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். மூன்று பக்கம் ஆகிவிட்டது, இன்னும் அந்த வரி வரவில்லை.

மாதக் கடைசியில் வராதே. நாங்கள் போகும் இடத்தில் ஒரே அறை, மூலை எதுவும் மிச்சம் இல்லை. புது விலாசம் இப்போது வேண்டாம். நீ எழுதினால் நான் பிரிப்பேன், பிரித்தால் படிப்பேன். உன் அழுகையைக் கண்டு சிரித்தேன், சிரிப்பைக் கண்டு நம்பினேன். இனிமேல் உன் கடிதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆகஸ்ட் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடித்த இடத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, நிறையப் பேர் கை பட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா