லாரியின் முன்பக்கமும் உங்கள் ‘சரி’யும்

என்னங்க,

போன இடத்தில் சௌக்கியமா? அங்கேயும் யார் என்ன சொன்னாலும் ‘சரி, சரி’ என்று தலையை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்களா?

உங்கள் முதல் வருஷத் திதி வருகிறது. பேப்பரில் உங்கள் படத்தைப் போட நாலு வரி எழுதிக் கொடும்மா என்று நம்ம ரவி கேட்டான். ‘அன்பே உருவாக வாழ்ந்தீர்’ என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால் முழுக் கடிதமாகவே எழுதுகிறேன். போட்டால் போடட்டும். உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது படித்துவிட்டு எனக்குப் பதில் சொன்னாலும் நல்லதுதான்.

விஷயம் வேறென்ன, உங்கள் லாரிதான்.

ஜெலுத்தோங்கில் சின்னையாவின் பட்டறையில் நீங்கள் விட்டுப்போன மாதிரியே அது நிற்கிறது. துறைமுகத்தில் எல்லாம் கண்டெய்னர் என்றான பிறகு, உங்கள் சின்ன லாரிக்குச் சுமை கொடுக்க ஆளில்லை. வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்ததை, ‘பழைய இங்கிலீஷ் லாரி, இப்படி ஒண்ணு இனிமே கிடைக்காது’ என்று இழுத்துக்கொண்டு போனீர்கள். எஞ்சின் வேலை முடிந்தது, பின்பக்கம் முடிந்தது, நீலப் பெயிண்டும் அடித்தாயிற்று. முன்பக்கம் மட்டும் சக்கரம் இல்லாமல் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு என்ன ஸ்பிரிங் போடுவது என்று முடிவாவதற்குள் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

“அண்ணி, முன்னாடி என்ன போடுறதுன்னு சொல்லிட்டீங்கன்னா வேலைய ஆரம்பிச்சிடுவேன்” என்று சின்னையா கேட்டார்.

“அவரு என்ன சொன்னாரு தம்பி?”

“பழைய பட்டை ஸ்பிரிங்கையே சரி பண்ணிப் போடலாம்னேன். சரின்னுட்டாரு.”

அடுக்கடுக்காக இருக்கிற அந்த இரும்புப் பட்டைகளைக் கழற்றி, சூடு காட்டி, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து அதே இடத்தில் பூட்டுவதாம். லாரி பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்குமாம். விட்டது தலைவலி என்று வீட்டுக்கு வந்தேன்.

சாயந்திரம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலிருந்து வந்த ரவி குதித்தான். “அப்பா என்கிட்ட வேற மாதிரி சொன்னாரும்மா!” முன்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு ஜப்பான் வேனின் முன்பக்கத்தை அங்கே பற்றவைப்பதாம். சுருள் ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதுக்குத் தெரியவே தெரியாதாம். “மெத்தை மாதிரி போகும்லா. அப்பா சரின்னாரும்மா, சத்தியமா.”

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் தம்பி தங்கராஜ் வந்தான். பஸ் ஓட்டுகிறவன், அவனுக்குத் தெரியாததா? “ரெண்டுமே வேணாம்க்கா. பட்டையில ரெண்டு மூண உருவிட்டு, குலுக்கலத் தாங்க நல்ல அப்சார்பர் போட்டா போதும். சுமையா ஏத்தப் போறோம்? மச்சான்கிட்ட பாசார்ல மீன் வாங்குறப்பவே சொன்னேன்லா. சரின்னாரே!”

மூன்று பேரில் ஒருவரும் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஒரே லாரிக்கு எப்படிங்க மூன்று முன்பக்கம் வரும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. வெட்டினால் வெட்டினதுதான், லாரியின் அடிச்சட்டத்தைப் பழையபடி ஒட்டவைக்க முடியாது என்று சின்னையா வேறு பயமுறுத்தினார்.

இதில் நானும் சேர்த்திதான். இந்த இரும்பை விற்றுத் தொலையுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? அதற்கும் சரி என்றுதானே சொன்னீர்கள்?

அங்கிருந்து என் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. பெண் பார்க்க வந்த அன்று, “பொண்ணு புடிச்சிருக்கா தம்பி?” என்று எங்கப்பா கேட்டார். பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை நீங்கள். “சரிங்க” என்றீர்கள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் வருஷக்கணக்காக அதைச் சொல்லி உங்களைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தச் சரியும் இந்த மாதிரிச் சரிதானா? கேட்கிற பெரியவர் மனசு நோகக் கூடாது என்று சொன்னதா? அதற்குப் பிறகு நான் பிடித்த வீடு, ரவிக்கு வைத்த பெயர், எல்லாவற்றுக்கும் சரி. முப்பது வருஷத்துக்கு மேல் நான் உங்களோடு வாழ்ந்தேனா, உங்கள் தலையாட்டலோடு வாழ்ந்தேனா? உயிரோடு இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

போன வாரம் பொறுக்க முடியாமல் பட்டறைக்குப் போனேன். சின்னையா நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடவிடாமல் கேட்டேன்.

“தம்பி, அவரு எதுக்காச்சும் வேணாம்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?”

“அண்ணனா? வேணாம்னா?” சிரித்தார். அப்புறம் யோசித்தார். “ஒரே ஒரு தடவ, அண்ணி.”

“எதுக்கு?”

“ரவி சொன்ன வேன் முன்பக்கத்த வச்சு அளந்து பாத்தோம். அதப் பூட்டணும்னா எஞ்சினப் பின்னுக்குத் தள்ளணும். எஞ்சின் கேபினுக்குள்ள வந்துடும், இடது பக்கம் கால் வைக்க இடமிருக்காது. அண்ணன் குனிஞ்சு பாத்தாரு. ‘வேணாம் சின்னையா, அவ கால எங்க வைப்பா?’ன்னாரு. ரவிகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னாரு. அதுக்குள்ளதான்...”

“இத ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே, அண்ணி. அம்மாவும் மகனும் பேசி முடிவு பண்ணுவீங்கன்னு இருந்துட்டேன்.”

நம்ம தீவுக்குப் பாலம் வராத காலத்தில், ஃபெர்ரியில் லாரியை ஏற்றி அக்கரையில் இருக்கும் எங்கம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். ரவி மடியில் இருப்பான். கரை ஏறியதிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் குலுக்கல் தாங்காமல் உங்களைத் திட்டிக்கொண்டே வருவேன். பாலம் வந்த பிறகு தங்கராஜ் கார் வாங்கிவிட்டான், நான் லாரிப் பக்கமே போகவில்லை. அப்படி இருக்க, நான் ஏறுவேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கேபினின் அந்த இடது பக்கத்தை எட்டிப் பார்த்தேன். வெறும் தகரத் தரை. அழுதுவிட்டேன், அடக்க முடியவில்லை. சின்னையா சோற்றுக் கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார், பாவம்.

ரவியிடம் சொன்னேன். “அப்போ எங்கிட்ட ஏம்மா சரின்னாரு?” என்றான். சின்னப் பிள்ளை மாதிரி முகம் வாடிப்போனது.

“நீ அவ்வளவு ஆசையா சொல்லியிருப்பேடா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு அவரால வேற என்ன சொல்ல முடியும்?”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் எந்த முகத்தைப் பார்த்துச் சரி என்றீர்கள்? எங்கப்பா முகத்தையா, கதவோரம் நின்ற என் முகத்தையா? அது இன்னும் எனக்குத் தெரியவில்லைங்க. தெரியாமலேதான் போய்ச் சேருவேன் போலிருக்கிறது.

லாரியை மட்டும் முடிவு செய்துவிட்டேன். வெட்ட வேண்டாம். பட்டை ஸ்பிரிங்கே இருக்கட்டும், அதில் இரண்டைக் குறைத்துவிடச் சொன்னேன். “அண்ணன் இதுக்கு...” என்று சின்னையா இழுத்தார். “அவரக் கேக்காதீங்க தம்பி, நான் சொல்றேன்” என்றேன். பிரேக் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ரவி சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். லாரி பட்டறையை விட்டு இறங்குகிற அன்று ரவி ஓட்டுவான், நான் ஏறுவேன். பாலத்தைத் தாண்டிப் புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேருகிற வரைக்கும், எவ்வளவு குலுங்கினாலும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். காலை நன்றாக நீட்டிக்கொண்டுதான் வருவேன்.

உங்கள் வீட்டுக்காரி,
கமலா