தட்டட்டி இல்லாத வீடு

வள்ளியூர் முருகன் துணை
வால்பாறை, 9.5.1994

அன்புள்ள அப்பாவுக்கு மகள் பிரம்மசக்தி வணங்கி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா?

வீட்டுக்குக் கூரை முடிவாயிட்டு அப்பா! நேற்று பேச்சித்தாய் மதினி வீட்டில் மதினி, உங்க மருமகன், சுடலைமணி கொத்தனார், நான், நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். நீங்க சொன்னபடி மேலே மட்டமா காங்கிரீட் தட்டட்டிதான் வேணும்னு நான் ஒத்தைக்காலில் நின்றேன். அப்போது பிடித்தது மழை. மதினி வீடு தட்டட்டி வீடு. மேலே தேங்கின தண்ணீர் ஒழுகி, உங்க மருமகன் காப்பியிலேயே சொட்டுது. "குடிங்க அண்ணாச்சி, குடிக்கக் குடிக்கக் குறையாது" என்றாள் மதினி. சிரிச்சு மாளலை. நான் எழுதி வைத்திருந்த சிமெண்ட், கம்பிக் கணக்கை அங்கனயே அடிச்சிட்டு, சரிவா தகரம் போடச் சொல்லிட்டேன்.

"தகரம் மாட்டுக்கொட்டகைக்கு. தட்டட்டி போட்டாத்தான் பால் காய்ச்ச வருவேன்" என்று நீங்க எழுதினதை மறக்கலை. நம்ம ராதாபுரத்துக் கூரைக்கு வெயில்தான் பாடு. இங்கே மாசக்கணக்கில் மழை. தண்ணீர் தேங்காமல் வழிஞ்சு ஓடணும் அப்பா.

இனி வத்தல் காயப்போட இடமில்லை, வெயிலும் இல்லை. வரும்போது நம்ம தட்டட்டியில் காய்ந்த மோர்மிளகாய் கொஞ்சம் கொண்டு வாங்க. தின்னக்கூட வேண்டாம், டப்பாவைத் திறந்தாலே போதும்.

வைகாசி கடைசியில் பால் காய்ச்சு. நீங்க வராமல் அடுப்பு பத்தவைக்க மாட்டேன். தபால் பெட்டி திறக்க ஆள் வந்தாச்சு, முடிக்கேன். வருவேன் என்று ஒரு வரி சீக்கிரம் எழுதுங்க.

மகள்,
பிரம்மசக்தி