வெல்டர் அண்ணனின் கார்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம்தானே? என் அம்மாவின் கால்வீக்கம் வடிந்ததா?

எனக்கு இருமல்தான், கவலைப்படாதே. என்னிடம் இந்த நாட்டு ஆஸ்பத்திரி கார்டு கிடையாது. எங்கள் கேம்ப் அறையில் பக்கத்துக் கட்டில் வெல்டர் அண்ணன், “என் கார்டை எடுத்துட்டுப் போடா, நம்ம மூஞ்சியெல்லாம் அவங்களுக்கு ஒரே மாதிரிதான்” என்று சிரித்தார். அதைக் கொண்டுபோனேன். அவர் பெயரிலேயே என் நெஞ்சைப் படம் பிடித்து, டிபி என்று எழுதிவிட்டார்கள். நோயாளி என்று கம்பெனி நாளைக்கே அவரை ஊருக்கு அனுப்புகிறது. உண்மையைச் சொல்லக் கிளம்பினேன். “உனக்குக் கைக்குழந்தை இருக்கு, வாயை மூடுடா” என்று அதட்டிவிட்டார்.

இப்போது தலையணைக்குள் இருமிக்கொள்கிறேன். யாராவது இங்கே வந்தால் இருமல் மருந்து இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பு.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. அண்ணன் நம் வீட்டுக்கு வருவார். பயப்படாமல் பாப்பாவை அவரிடம் தூக்கக் கொடு. நான் வந்தால்தான் கொடுக்கக் கூடாது.