மூன்று நாள் கோலம் இல்லை

அந்துருண்டை நெடி என் விரல்களை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். காலையில் உன் அம்மா வந்து ஒரு துணி மூட்டையை என் மடியில் வைத்தார். உன் அப்பாவுக்கு ரயில்வே வேலை முடிந்துவிட்டது. அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்துக்கே திரும்பிப் போகிறார்கள்.

"எல்லாம் அவ தைச்சது. உன் கோலம்தானே, நீயே வச்சுக்கம்மா."

அவர் போன பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன்.

ஆறு வருஷம் முன்பு, விஷக்காய்ச்சல் நம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குள் வந்தபோது நம் பள்ளியை மூடினார்கள். எதிரெதிராக இருந்த நம் ரயில்வே வீடுகளுக்கு நடுவே பத்தடி மண்பாதைதான். அதைத் தாண்டக் கூடாது என்று இரண்டு அப்பாக்களும் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்த புத்தகங்களைப் படித்து முடித்து, பருப்பு கட்டிவந்த பழைய பத்திரிகைத் தாள்களையும் படித்துத் தீர்த்தேன். அதன் பிறகுதான் நம் விளையாட்டு தொடங்கியது. தினமும் காலையில் என் வாசலில் புதிதாக ஒரு கோலம் போடுவேன். நீங்கள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள், உங்கள் வாசலில் கோலம் இல்லை. நீ ஜன்னலில் இருந்து பார்த்து அதைத் துணியில் வரைந்துகொள்வாய். சாயங்காலத்துக்குள் நூலில் தைத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாய்.

"என்னடி இது, இடியாப்பம் மாதிரி? எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே போட்டேன்."

"என் விரலெல்லாம் ஓட்டை. நாளைக்கு நாலு புள்ளிதான், சொல்லிட்டேன்."

மறுநாள் இருபது புள்ளி வைப்பேன்.

கோலம் இருந்தால் வீட்டில் எல்லோரும் நலம் என்று வைத்துக்கொண்டோம். இழவு விழுந்த வீட்டில் கோலம் போடமாட்டார்கள் என்று உனக்குச் சொன்னவளும் நானே.

பிறகு கிள்ளானில் என் பெரியப்பா காய்ச்சலில் இறந்தார். தீட்டு என்று கோலம் நின்றது. அன்றே அம்மாவும் படுத்தார். வெளியே தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று அப்பா கதவையும் ஜன்னலையும் சாத்தினார். நீ கூப்பிட்டது இரண்டு நாளும் கேட்டது. வெந்நீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டு, பதில் சொல்லாமல் சமையல்கட்டில் நின்றேன்.

மூன்றாம் நாள், அப்பா ஸ்டேஷனுக்குப் போனதும், நீ பாதையைத் தாண்டி வந்து கதவைத் தட்டினாய். திறந்தேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாய், உடனே சிரித்தாய்.

"நீதான் போயிட்டேன்னு நெனச்சேன்டி, சனியனே. தைக்கவும் ஒண்ணுமில்லாம உக்காந்திருக்கேன்."

பெரியப்பா இறந்ததைச் சொன்னேன்.

"பெரியம்மா எங்க?" என்று என் அம்மாவைக் கேட்டாய்.

"தூங்குறாங்க."

அப்பாவுக்குப் பயந்துதான் அம்மாவின் காய்ச்சலை மறைத்தேன் என்று பிறகு எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. சொன்னால் நீ போய்விடுவாய். "கொஞ்சம் இரு, காப்பி போடுறேன்" என்றேன். நீ உட்கார்ந்தாய்.

அம்மா பிழைத்துக்கொண்டார். நீ வந்துபோனதிலிருந்து நான்காம் நாள் படுத்தாய். அந்த வாரம் முடிவதற்குள் உன்னைக் கல்லறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாகத்தான் நான் பார்த்தேன்.

இந்த ஆறு வருஷமும், அந்தக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எத்தனை நாளில் போகும் என்று கையில் கிடைத்த புத்தகங்களில் எல்லாம் தேடியிருக்கிறேன். ஒரு புத்தகம் இரண்டு நாள் என்கிறது, இன்னொன்று நாலு என்கிறது. உன் அப்பாவும் தினம் வெளியே போய் வந்தவர்தான், அவர் கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். இப்படி எண்ணிக்கொண்டே போவேன். படித்துக்கொண்டிருந்த பக்கம் மறந்துபோகும்.

இன்று மதியம் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, அன்னிக்கு அவ வந்தப்ப எங்கம்மா உள்ள காய்ச்சலாக் கெடந்தாங்க. நான் அவகிட்ட சொல்லல."

அவர் கயிற்றை விடாமல் நிமிர்ந்தார்.

"தெரியும். வந்ததுமே சொன்னா. 'பெரியம்மா உள்ள இருமுறாங்கம்மா, அவ சொல்லல, நானும் கேக்கல. ஒத்தையாக் கெடந்து அல்லாடுறா, எப்படி எந்திரிச்சு வர்றது'ன்னா. அடிச்சிட்டேன் அவள." கயிற்றின் மறுமுனையை என் பக்கம் நீட்டினார். "இந்த முனையைப் பிடி" என்றார். பிடித்தேன். இறுக்கிக் கட்டினார்.

நான் மறைத்தேன், நீ ஏமாந்தாய் என்பதே இத்தனை நாள் நான் வைத்திருந்த கணக்கு. அது வலித்தாலும் எனக்குப் புரிந்தது. இப்போது அதுவும் கையில் இல்லை. அந்தக் காலையை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். நீ காப்பியை நிதானமாக ஆற்றிக் குடித்தாய். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாய். உள்ளே அம்மா இருமும்போதெல்லாம் உன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. என்னைப் பார்த்த சந்தோஷத்தில் சத்தமாகப் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.