கிளீனர் சீட்டுக்கு அடியில்

இன்சுலேஷன் டேப்பின் வாசனை என் விரலில் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அந்த விரலால்தான் இதை எழுதுகிறேன். ஆமாம், நானே எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய். முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் ஒரு 'ழ' போட்டு முடித்தால், லோடு லாரியை மேட்டில் ஏற்றிவிட்ட சந்தோஷம்.

முதல் கடிதம் உனக்குத்தான். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

முன்னால் இன்ஜின் நீட்டிக்கொண்டிருக்கிற நம் பழைய மூக்கு லாரிக்கு மறுபடி வயரிங் போடுகிறோம். முதலாளியும் போய்விட்டார். அவர் மகன் அருள்புரத்தில் புது பனியன் கம்பெனி திறக்கிறார். திறப்பு விழாவன்று அப்பாவின் லாரியில்தான் முதல் நூல் வந்து இறங்க வேண்டுமாம், நான்தான் ஓட்ட வேண்டுமாம். இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் இல்லாமல் அதை ரோட்டில் இறக்க முடியாது. வயர்மேன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து வெகுகாலம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

உனக்கு நினைவிருக்கும். அப்போது லாரிக்கு இண்டிகேட்டரெல்லாம் ஏது? நான் டிரைவர், நீ கிளீனர். வலது பக்கம் என் கை, இடது பக்கம் உன் கை. கணியூர்ப் பக்கத்து மில்லில் நூல் ஏற்றித் திருப்பூர் வந்து சேரும்வரை இடது பக்கம் திரும்புகிற இடத்திலெல்லாம் உன் கை வெளியே நீளும். "வரலாங்ணா, வாங்க வாங்க" என்று நீ கதவைத் தட்டினால்தான் நான் ஸ்டியரிங்கை ஒடிப்பேன். வெளியூர் போனால் ஊர்ப் பலகையைப் படித்துச் சொல்வதும் நீதான். டீ குடிக்க ஆசை வந்தால் ஊரை மாற்றிப் படிக்கிறாயோ என்று அப்போதே எனக்கு ஐயம். இப்போது பஸ்ஸில் போகும்போது நானே படித்துப் பார்க்கிறேன். நீ சொன்ன ஊர்களெல்லாம் நீ சொன்ன இடத்திலேயே இருக்கின்றன.

பிறகு முதலாளி இண்டிகேட்டர் போட வைத்தார். டிக் டிக்கென்று அது அடிப்பதை நின்று ரசித்துக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "லெஃப்ட்டுக்கு லைட்டே வந்துருச்சு. இனி கிளீனரு எதுக்கப்பா? மூட்டை இறக்கறதுக்குத்தான் அங்கங்க ஆளிருக்குதல்ல?"

நீ கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாய். துணி ஒரே இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. உனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது.

கொஞ்ச நாளில் இடது லைட் படுத்துவிட்டது. ரோட்டில் போட்டால் எரியாது, எலக்ட்ரீஷியன் கடைக்குக் கொண்டுபோனால் எரியும். நான் அந்த மனிதரைச் சந்தேகப்பட்டேன். மட்ட வயரைப் போட்டு ஏமாற்றிவிட்டீர்கள் என்று கடை வாசலில் சண்டை பிடித்தேன்.

"ஏனுங்க, எரியற லைட்டை நான் எப்படீங்க ரிப்பேர் பண்றது?" என்றார் அவர்.

நீ முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னாய்: "ரோட்டுல ஆளுகளப் பாத்தா அதுக்குக் கூச்சம் போலிருக்குதுங்ணா."

கடையை மாற்றினேன். எலி கடித்திருக்கும் என்று எலிமீது சந்தேகப்பட்டேன். மழைத் தண்ணீர் மீதும் சந்தேகப்பட்டேன். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நீ லீவு போட்ட அன்று மட்டும் அது சமர்த்தாக எரிந்தது. ஏன் எரிகிறது என்று லைட்டையே முறைத்துப் பார்த்தேன். பக்கத்தில் காலியாகக் கிடந்த சீட்டைப் பார்க்கத் தோன்றவில்லை.

கடைசியில் முதலாளி அலுத்துப்போனார். "இந்த லைட்டை நம்பி லாரி விட முடியாது. அவனும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நீ இருந்தாய். முடி நரைத்து, கண் மங்கி, நீயாக இறங்கிக்கொள்ளும்வரை இருந்தாய்.

இன்று காலை வயர்மேன் உன் சீட்டைக் கழற்றினார். "அண்ணாச்சி, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

சீட்டுக்கு அடியில், உட்கார்ந்தபடியே இடது கை எட்டுகிற இடத்தில், வீட்டுக்குப் போடுகிற கறுப்புச் சுவிட்ச் ஒன்று. இடது இண்டிகேட்டர் வயரை அறுத்து அதன் வழியாக விட்டிருந்தது.

"இதை அமுக்குனா இடது பக்கம் மொத்தமும் செத்துரும்லா? எந்தக் களவாணிப் பய வச்ச வேலை இது?"

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எத்தனை வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து லைட்டை அணைத்துவிட்டுக் கையை நீட்டியிருக்கிறாய்!

சிரிப்பு அடங்கியதும் அந்தச் சந்தேகம் வந்தது. இடது லைட்டில் கை வைத்தவன் பிரேக் லைட்டை மட்டும் விட்டு வைத்திருப்பானா? வண்டி முழுக்கக் கோளாறு என்று முதலாளி நம்பினால் உனக்கு இன்னும் நல்லதுதானே? நூல் லோடோடு நான் பிரேக் போட்ட இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எனக்குப் பின்னால் பைக்கில் பெண்சாதி பிள்ளையோடு எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

"பிரேக் லைட் வயரை இழுத்துப் பாக்கோணுங்க" என்றேன்.

"அதான் எல்லாத்தையும் மாத்தப் போறோம்லா? பழசை ஏன் பாக்கீய?"

"இல்லீங்க. பாத்தே ஆகோணும்."

இந்த வயதில் லாரிக்கு அடியில் படுத்தேன். மிதிக்கட்டையில் ஆரம்பித்துப் பின்விளக்குவரை விரலால் தடவிக்கொண்டே போனேன். சுவிட்ச் இல்லை. வெட்டு இல்லை. வயர் இரும்பில் உரசுகிற இடங்களில் எல்லாம் பனியன் கட்பீஸ் துணியைச் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. தார்ப்பாய்க் கயிற்றுக்கு நீ போடுவாயே, அவிழ்க்கத் தெரியாமல் லோடுமேன்கள் உன்னைத் திட்டுவார்களே, அதே முடிச்சு. அடியில் இருந்த துணி கறுத்திருந்தது. மேலே சுற்றியது அவ்வளவு பழசில்லை. அவ்வப்போது வந்து மறுபடி மறுபடி சுற்றியிருக்கிறாய். எப்போது செய்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை.

"பச்சப்பிள்ளைய சுத்துன மாதிரில்லா சுத்தியிருக்காவ" என்றார் வயர்மேன், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு.

இடது பக்கம் திரும்புவதை உன் கையால் காட்ட முடிந்தது, அதனால் அணைத்தாய். நீ வராத அன்று எரிய விட்டுப் போனாய். பிரேக்கைக் கையால் காட்ட முடியாது. அதை அணைக்கவில்லை.

சந்தேகம் என்னை விட்டு இன்னும் போகவில்லை, எதையும் ஒருமுறை இழுத்துப் பார்க்கத்தான் செய்வேன். என்னை ஏமாற்றினாய், முதலாளியை ஏமாற்றினாய். நமக்குப் பின்னால் வந்தவனை ஒருநாளும் ஏமாற்றவில்லை. இழுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.