முன் இருக்கையில் ஓர் அரிசி மூட்டை

அன்பு நண்பனுக்கு,

புதுக் காரின் கதவைத் திறந்ததும் ரப்பரும் புதுத் துணியும் கலந்த வாசனை வந்தது. நாம் வேலை பார்த்த நூற்பாலையில் உன் மின்பிரிவு அறையில், வயர்ச் சுருள்கள் அடுக்கியிருந்த மூலையில் இதே வாசனைதான் இருக்கும். கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்து எழுத உட்கார்ந்தேன். வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எதையும் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். ஆகையால் முதலில் குறிப்புகள்.

1. ஏறக்குறைய ஒரே விலையுள்ள இரண்டு மின்சாரக் கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.
2. என் சோதனை முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.
3. நீ இருந்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாய். யோசித்துக் குழம்புவது உன் வழக்கமல்ல.
4. வண்டி வந்துவிட்டது. பார்க்க வேண்டியவரைப் பார்த்துவிட்டோம்.

நீ பார்த்துச் சொன்ன பழைய பெட்ரோல் காரைப் போன வருடம் விற்றோம். அதன் பிறகு என் மனைவிக்கு, நீ எப்போதும் தங்கச்சி என்று கூப்பிட்டவளுக்கு, மதுரையில் இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை நடந்தது. நன்றாகவே நடந்தது. வீட்டுக்குள் கம்பு இல்லாமல் நடக்கிறாள். ஆனால் வெளியே போவது நின்றுபோயிற்று. வ. புதுப்பட்டியில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரைப் பார்த்துவர ஒருமுறை வாடகை வேன் பிடித்தோம். படி உயரம். டிரைவரும் எதிர்க் கடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். தெருவில் நான்கு பேர் நின்று பார்த்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

"இனிமே என்னைய மூட்ட மாதிரி யாரும் தூக்கி ஏத்த வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா தினமும் போனில் எப்போது வருகிறாய் என்று கேட்பார். இவள் வாரேன், வாரேன் என்பாள். அக்காவின் குரல் மாதத்துக்கு மாதம் மெலிந்துவந்தது தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. சொந்தமாக ஒரு கார் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும்.

மின்சாரக் கார் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் அதை நீ சொல்லியிருந்தாய். கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உன் வீட்டுக்கு வந்தபோது நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு, "ஏலே, அடுத்து கரண்டு வண்டியே எடு. நீ பாத்து முடிக்கதுக்குள்ள அதுவும் பழசாயிரும், அது வேற விசயம்" என்று சிரித்தாய்.

மிஞ்சியது இரண்டு வண்டிகள். ஒன்று வெள்ளை, மற்றது நீலம். விலையில் ஒரு சைக்கிள் வாங்கும் அளவுக்குத்தான் வித்தியாசம். இருபத்தேழு வரிசையில் ஓர் அட்டவணை போட்டேன். ஒரு சார்ஜில் ஓடும் தூரம், சார்ஜ் ஏறும் நேரம், பேட்டரிக்கான உத்தரவாதம், பழுது பார்க்கும் இடம் எத்தனை தொலைவு, டிக்கியின் கொள்ளளவு என்று போகும். ஒன்றில் வெள்ளை மேலே, அடுத்ததில் நீலம் மேலே. கூட்டிப் பார்த்தால் சமமாக வந்து நிற்கும்.

அப்போதுதான் ஆலைப் புத்தி வேலை செய்தது. நம் தரச் சோதனைக் கூடத்தில் நூலை நேராகக் கொண்டுவந்து சோதிக்க மாட்டேன். ஒரே வெப்பத்திலும் ஒரே ஈரப்பதத்திலும் சில மணி நேரம் கிடத்திவைத்த பிறகே கருவியில் ஏற்றுவேன். நீ குளிருக்காகவே அங்கே வந்து கதவைத் திறந்தபடி நிற்பாய். ஈரப்பதம் மாறிவிடும் என்று நான் பதறுவேன். "நூலு இங்க சொகமாப் படுத்துக் கெடக்கு. நான் அங்க வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கேன். அதுக்கு ஒரு சோதன போடுலே" என்பாய்.

கார்களையும் அப்படித்தான் சோதித்தேன். ஒரே சாலை, இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்புவது. ஒரே நேரம், காலை பத்து மணி. ஏசி ஒரே அளவு. எடையும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அவளை அலைக்கழிக்க மனம் வரவில்லை. அவள் எடைக்குச் சமமாக அரிசியைச் சாக்கில் கட்டி முன் இருக்கையில் வைக்கச் சொன்னேன். ஆட்கள் இருவர் தூக்கி ஏற்றினார்கள்.

கிளம்பிய உடனே வண்டி விடாமல் கத்தியது. வெள்ளைக் கார் விற்பனை மேலாளர், ஐம்பது வயதுக்காரர், பின்னாலிருந்து பணிவாகச் சொன்னார்: "சார், அரிசிக்கும் பெல்ட்டு மாட்டணும். வண்டிக்கு ஆளு வேற, அரிசி வேறன்னு தெரியாது."

மாட்டினேன். முதல் ஓட்டத்தன்று மலைப்பக்கத்திலிருந்து காற்று பலமாக அடித்தது. அது மற்ற வண்டிக்கு அநியாயம் என்று தோன்றியதால் இரண்டையும் மறுபடி ஓட்டினேன். எல்லாம் முடிந்து கூட்டியபோது நீலம் அரை மதிப்பெண் முன்னால் இருந்தது. அரை மதிப்பெண்ணை நம்பி எப்படி வாங்குவது? அட்டவணையில் மேலும் மூன்று வரிசை சேர்த்தேன். அவள் வண்டி எப்போது வரும் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதை நான் பொறுமை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் உன்னை நினைக்காத பொழுதில்லை. இந்த வீட்டை வாங்கும்போது மூன்று மாதம் நான் தாள் தாளாக எழுதிக்கொண்டிருந்தேன். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். குழாயைத் திறந்தாய், சுவரை இரண்டு இடத்தில் தட்டினாய், "எடுலே" என்றாய். உடனே காபி குடிக்க எங்கே போகலாம் என்று கேட்டாய். ஸ்கூட்டரும் அப்படித்தான், அந்தப் பெட்ரோல் காரும் அப்படித்தான். எனக்குள் இருக்கும் பயம் உன்னிடம் ஒரு துளியும் இல்லையே என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

ஐந்தாம் மாதம் வெள்ளைக் கார் மேலாளர் ஏதோ விளக்கத் தாள் கொடுக்க வீட்டுக்கே வந்தார். பேச்சுவாக்கில், உங்களுக்குப் பதிலாக வந்த மூட்டையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம் அம்மா என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். எடை சமமாக இருப்பதன் அவசியத்தையும் சொன்னேன். நான் முடிக்கும்வரை அவள் கேட்டாள்.

"அரிசி மூட்டைக்கு முழங்கால் இருக்கா?" என்றாள்.

மேலாளர் தன் தாள்களைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் முப்பது வரிசையையும் மனத்துக்குள் ஓட்டிப்பார்த்தேன். ஒன்றில்கூட அவள் இல்லை.

மறுநாள் இரண்டு கார்களையும் வாசலுக்கு வரவழைத்தேன். முதலில் நீலம். அதில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை மேலே வந்திருக்கிறது, இருக்கையோ தாழ்வு. உட்கார்ந்தாள். முட்டி இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. முகம் சுளித்து என் கையைத் தேடினாள். வெள்ளையில் முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் தொடவில்லை. எதிர்க் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து நின்றிருந்தார்.

"நானாத்தான ஏறுனேன்?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பம் இதுதான்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சார்ஜர் பொருத்த வந்தவர் வீட்டின் எர்த் குழியை அளந்து பார்த்து, பழைய வீட்டில் இவ்வளவு நன்றாக யார் போட்டது என்று விசாரித்தார். உன்னைப் பற்றிச் சொன்னேன். புதிதாக எதுவும் தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை வ. புதுப்பட்டிக்குப் போனோம். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்துச் சலித்து முந்திப் போயிற்று. வண்டியில் சத்தமே இல்லாததால் அவள் தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்த பழைய பாட்டு எனக்குக் கேட்டது. கல்யாணமான புதிதில் கேட்டது. வீட்டு வாசலில் அவளே இறங்கினாள், அவளே நடந்துபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். "ஏட்டி, இந்தா இருக்கு ராஜபாளையம். வர எம்புட்டு மாசம்?" என்றார்.

"வண்டி எடுக்கணும்லா, அக்கா. இவிய பரீட்ச வச்சிக்கிட்டு இருந்தாவ" என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள். அக்கா அன்று எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் பால் குடித்தார். இனி வாரம் ஒரு முறை போவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, இன்று காலை உன் வீட்டில் மதினியிடம் வண்டியைக் காட்ட மடவார் வளாகம் போனோம். மதினி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நீ இல்லாமல் நான் எப்படி எடுத்தேன் என்று கேட்டார். ஐந்து மாதக் கதையைச் சொன்னேன். அண்ணன் என்றால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார் என்றும் சொன்னேன்.

மதினி என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா நெனச்சிருக்கீய, தம்பி? ஒங்க வீட்ட எடுக்கதுக்கு முன்ன அவிய நாலு தடவ போயிப் பாத்துட்டு வந்தாவ. மழ பெஞ்ச அன்னைக்கு ஒழுகுதான்னு பாக்க நனஞ்சிக்கிட்டே போனாவ. ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுப்பாவ. பொறவுதான் ஞாயித்துக்கெழம ஒங்க கூட வந்தாவ. 'அவன்கிட்ட சொல்லிராத. நானும் யோசிக்கேன்னு தெரிஞ்சா அவன் எதையும் எடுக்க மாட்டான்'னு எங்கிட்ட சொல்லி வச்சிருந்தாவ. ஒங்க காருக்கும் அப்படித்தான்."

திரும்பும்போது அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். நீ வந்து 'எடுலே' என்ற ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை என்று நான் எண்ணிப் பார்த்தேன். அத்தனைக்கும் பின்னால், நான் அறியாத எத்தனை நாட்கள் நீ எனக்காகப் பயந்திருப்பாய்! நான் என் பயத்தைக் குறை என்று நினைத்தே வாழ்ந்துவிட்டேன். நீ உன் பயத்தை என்னிடம் காட்டாமல், முடிவை மட்டும் எனக்குத் தந்திருக்கிறாய். இனி உன் பயமும் என்னிடம் இருக்கும்.

இந்த மடலை மேலிருந்து படித்துப் பார்த்தேன். முதல், இரண்டாம், நான்காம் குறிப்புகள் சரி. மூன்றாவது தவறு.