ஒருத்திக்கு என்றால் எல்லோருக்கும்

கண்டி,
1935 நவம்பர் 3.

மதிப்புக்குரிய சவுந்தரம் அம்மாவுக்கு, கண்டி ரயில் நிலையத்துப் பக்கம் அப்பக் கடை வைத்திருக்கும் பாலம்மா கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கடை ஓடுகிறது. அங்கே கடற்கரைக் காற்றில் நீங்களும் இல்லத்துப் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும்.

இதை எழுதுவது ராஜலிங்கம் ஐயா. குட்ஷெட்டில் கிளாக்கர் வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடையில் பால் அப்பம் சாப்பிட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதித் தருவார். நான் ஒன்று சொன்னால் அவர் அதைச் செப்பமாக்கி வேறொன்று எழுதுகிற ஆள். இன்றைக்குச் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஏனென்றால் எனக்குக் கோபம்.

தீபாவளிக்கு என் மகள் அழகம்மாவுக்கு நான் அனுப்பிய சிவப்புக் கவுன் திரும்பி வந்துவிட்டது. கூடவே உங்கள் கடிதமும் வந்தது. இந்த இல்லத்தில் தனியாக ஒரு பிள்ளைக்கு எதுவும் கொடுப்பதில்லை, ஒருத்திக்கு என்றால் எல்லோருக்கும், ஒன்று புதுக் கவுன் போட்டுக்கொண்டு நிற்க மற்ற இருபத்தைந்தும் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் காண முடியாது என்று எழுதியிருந்தீர்கள். பெற்றவள் நான், என் பிள்ளைக்கு ஒரு துணி எடுத்துத் தர யாருடைய உத்தரவு வேண்டும் என்று ராஜலிங்கம் ஐயாவிடமே சண்டைக்குப் போனேன். அவர் பாவம், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எழுதேல்லைப் பிள்ளை, வாசிச்சது மட்டும்தான் என்றார்.

இரண்டு நாள் அப்பச் சட்டியை எல்லாம் சத்தமாக வைத்தேன். பிறகுதான் புத்தி வந்தது.

என் வீட்டுக்காரர் கறுப்பையா அந்தக் கரையில் நம் ஊரில் காய்ச்சலில் போன பிறகு, மூன்று வயதுப் பிள்ளையோடு நான் மறுபடி கண்டிக்குக் கப்பலேற வந்ததும், ஏறும் முன் நிறுத்தி வைக்கிற முகாமில் அவளுக்கு அம்மை போட்டதும் உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் சீட்டு என்றார்கள். வந்தால் வேலை, நின்றால் இரண்டு பேருக்கும் பட்டினி. அம்மை போட்ட பிள்ளையைச் சொந்தக்காரர்கள்கூடத் தொடவில்லை. நீங்கள் யாரோ, நான் யாரோ. சேலைத் தலைப்பில் சுற்றி வாங்கிக்கொண்டு, போய் உழைத்துவிட்டு வாம்மா என்று சொன்னீர்கள். இது யார் பெற்ற பிள்ளை என்று அன்றைக்கு நீங்கள் கணக்குப் பார்த்திருந்தால் அழகம்மா இன்றைக்கு இல்லை. எல்லாப் பிள்ளையும் ஒன்று என்கிற உங்கள் வழக்கத்தில்தான் அவள் பிழைத்தாள். அதே வழக்கம் கவுனுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஆகவே அம்மா, பொங்கலுக்கு இருபத்தாறு கவுன் வரும். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே இன்னும் தெரியாது. பௌர்ணமியை இங்கே போயா என்பார்கள், அந்த நாளில் புத்தர் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகைக்கு வெள்ளை உடுத்திய கூட்டம் வெளியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கும். அன்றைக்கு விடியலில் சுடுகிற அப்பம் அத்தனையும் உங்கள் பிள்ளைகளுக்கு என்று வைத்திருக்கிறேன். துணிக்குப் பக்கத்துக் கடை மர்சூக் நானாவிடம் போனேன். அக்குறணை ஊர் முஸ்லிம், அவர்களில் அண்ணனுக்கு நானா, அக்காவுக்கு ராத்தா; ஒரு சதம் குறைக்க ஒரு மணி நேரம் பேச வைக்கிற மனிதர். இருபத்தாறு கவுன் என்றதும், விலை பேச நான் வாயைத் திறக்கும் முன்னே, ஒரு கவுனுக்கே அவ்வளவு பேசினீங்க, இருபத்தாறுக்குப் பேசினா நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான், வாங்கின விலைக்கே எடுத்துக்கிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி கைரியா ராத்தா தன் மெஷினில் தைத்துத் தருகிறாராம். கூலிப் பேச்சை எடுத்தால் மெஷினை மூடிவிடுவேன் என்கிறார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தோளிலிருந்து முழங்கால் வரை நூல் பிடித்து அறுத்து அனுப்புங்கள். கோபமாகத் தொடங்கியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அழகம்மாவுக்கு ஒரு முத்தம் என்று சொல்ல வந்தேன். சரி, எல்லோருக்கும்.

உங்கள் அடக்கமான
பாலம்மா


கண்டி,
1936 மார்ச் 22.

என் பிள்ளைக்கும் எனக்கும் தாயான சவுந்தரம் அம்மாவுக்கு, பாலம்மா சந்தோஷமாக எழுதிக்கொள்வது. உங்கள் கடிதமும் படமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. உங்கள் மூட்டுவலிக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். இது பிள்ளைகளுக்கு இல்லை, பெரியவர்களுக்கு, ஆகவே பங்கு வைக்க வேண்டியதில்லை.

யாருக்கு நன்றி சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. போயா நாளுக்கு ராஜலிங்கம் ஐயா ஒரு பலகை எழுதித் தந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்காக இன்றைய அப்பம் என்று தமிழிலும், வேறொருவரைக் கொண்டு சிங்களத்திலும். முதல் போயாவில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பலகையை அடுப்பில் வைக்கப் போனேன், ஐயா பிடுங்கிக்கொண்டார். அடுத்த போயாவில் குருநாகல் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களத்து அம்மா, காலில் செருப்பில்லை, நாலு அப்பத்துக்குக் காசு வைத்துவிட்டு ஒன்றை மட்டும் சாப்பிட்டார். மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தேன். வேண்டாம், லமயின்ட என்று சொல்லிவிட்டு நடந்தார். பிள்ளைகளுக்கு என்று அர்த்தம். போன வருஷத்து மலேரியாவில் அவர் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அப்பம் கருகிப் போனது.

அதற்குப் பிறகு கை ஓயவில்லை. பஸ்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோருக்கும் உங்கள் இல்லத்தைத் தெரியும். இந்தப் பக்கம் போயா என்றால் இப்போது பாலம்மா கடையில் அப்பம்தான். கவுன் போக மிஞ்சியதை அரிசிக்கு என்று மணியார்டர் செய்தது கிடைத்ததா? நூல்கள் வந்த அன்று கைரியா ராத்தாவும் நானும் அவற்றை மேசையில் பரப்பி, எது அழகம்மாவின் நூல் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றிலும் பெயர் இல்லை. உங்கள் வழக்கம் தெரிந்ததுதானே என்று சிரித்துவிட்டு இருபத்தாறையும் ஒரே மாதிரி கவனமாகத் தைத்தோம்.

இப்போது படத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் எல்லோரும் பச்சையில் வெள்ளைப் புள்ளிக் கவுன். பேன் தொல்லைக்கு எல்லோருக்கும் மொட்டை. வெயில் கூசி எல்லோர் கண்ணும் சுருங்கியிருக்கிறது. கடையில் ஒரே போட்டி. மர்சூக் நானா ஒரு பிள்ளையைக் காட்டி இதுதான் என்றார், ராத்தா வேறொன்றை, ஐயா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து மூன்றாவது ஒன்றை. நான் ஒருவருக்கும் பிடிகொடுக்கவில்லை. நடு வரிசையில் முன்பல் இல்லாமல் வாயெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் என் பிள்ளை. அந்தக் கன்னம் அப்படியே கறுப்பையாவின் கன்னம். பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்டேன், போட்டி அத்தோடு முடிந்தது.

படத்தை அடுப்புக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறேன். காலையில் மாவைக் கலக்கும் முன் அந்தப் பல்லில்லாத சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கிறேன். அந்தப் பல் எப்போது விழுந்தது அம்மா? வலித்ததா? விழுந்த பல்லை என்ன செய்தாள்? இதை மட்டும் அவளிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கேள்வி கேட்கக்கூடாது என்று வழக்கம் இல்லையே.

பிள்ளைகள் என்னைக் கண்டி அம்மா என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இருபத்தாறு பேருக்கும் நான் கண்டி அம்மா. அதில் ஒருத்திக்கு வெறும் அம்மா என்பது அவளுக்குத் தெரியும்தானே? மறந்துபோகாமல் நடுநடுவே சொல்லி வையுங்கள். உங்களுக்குப் பெரிய ஆயுசைக் கடவுள் தரட்டும்.

நன்றி மறவாத
பாலம்மா


கண்டி,
1936 செப்டெம்பர் 6.

தெய்வம் போல எனக்குக் கிடைத்த சவுந்தரம் அம்மாவுக்கு, பாலம்மா எழுதிக்கொள்வது. பதில் எழுத இத்தனை மாதம் ஆக்கியதற்குப் பெரஹரா ஊர்வலத்துக் கூட்டத்தையும் மழையையும் காரணம் சொல்லலாம். ஐயா அப்படித்தான் எழுதத் தொடங்கினார். அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன்.

நான் காட்டிய பிள்ளை அழகம்மா இல்லை, செல்லக்கனி என்று எழுதியிருந்தீர்கள். படம் பிடிக்கிற நேரத்தில் யாரோ கூப்பிட அழகம்மா திரும்பிவிட்டாள், பின் வரிசையில் ஓரமாக முகம் கலங்கித் தெரிகிறவள்தான் அவள் என்றும் எழுதியிருந்தீர்கள். படத்தை இறக்கிப் பார்த்தேன். காது தெரிகிறது. கழுத்து தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி இருக்கிறது. ஐயா அன்றைக்கு அப்பம் கேட்கவில்லை. நானும் சுடவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது அம்மா. அழுகையை விட வெட்கம்தான் அதிகம். பெற்றவளுக்குத் தெரியாதா என்று நெஞ்சைத் தட்டிச் சொன்ன வாய் இது. கைரியா ராத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மூணு வயசுப் பிள்ளைக்கும் ஆறு வயசுப் பிள்ளைக்கும் முகம் ஒன்றா, மொட்டைத் தலையில் என் பிள்ளையையே எனக்குத் தெரியாது என்று சொன்னார். ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை. அதை மறந்து சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா தெரியாது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

செல்லக்கனியைப் பற்றி நீங்கள் எழுதியதையும் வாசிக்கக் கேட்டேன். அவளுக்கு என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை, ஒரு கடிதம் வந்ததில்லை. கண்டி அம்மா என் பல்லைக் கேட்டாங்களாம் என்று இல்லம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். கூரையில் போட்ட பல்லைத் தேடப் போய் உங்களிடம் ஏச்சும் வாங்கினாளாம். அம்மா, அது ஆள் மாறிக் கேட்ட கேள்வி என்று அவளுக்கு ஒருநாளும் சொல்லாதீர்கள். எத்தனை விடியலில் அந்த முகத்தைப் பார்த்து நான் மாவில் கை வைத்திருக்கிறேன். அந்த ஆசையை இப்போது அவளிடமிருந்து திருப்பி வாங்கி வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. அது அவளிடமே இருக்கட்டும். அழகம்மாவுக்குக் கொடுக்க என்னிடம் குறைவில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துவிட்டேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஐயா போய் அங்கே பேசிவிட்டு வந்து, வயசு சரி, சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார். மர்சூக் நானாவும் ராத்தாவும் மதுரைக்குத் துணி எடுக்க ஐப்பசி கடைசியில் வருகிறார்கள். அவர்களோடு நானும் கப்பலேறி வருகிறேன். என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர எனக்கு உத்தரவு தர வேண்டும். போய் உழைத்துவிட்டு வா என்றீர்கள். உழைத்துவிட்டு வருகிறேன் அம்மா.

அவள் போன பிறகு அவள் பாய் சும்மா கிடக்க வேண்டாம். இன்னொரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். போயா அப்பம் நிற்காது. அழகம்மாவுக்காகத் தொடங்கினேன், உண்மை. இப்போது நானே நிறுத்த நினைத்தாலும் இங்கே விடமாட்டார்கள். பலகை மழையில் அழிந்து ஐயா புதிதாக எழுதியிருக்கிறார். குருநாகல் அம்மா போன போயாவுக்கும் வந்தார். பிள்ளைகள் சுகமா என்று கையைக் காட்டிக் கேட்டார். எல்லோரும் சுகம் என்றேன். அவர் சார்பிலும், மூட்டை தூக்குகிறவர்கள் சார்பிலும், என் சார்பிலும் உங்கள் காலைத் தொட்டு நன்றி சொல்கிறேன். என் பிள்ளைக்கு உயிர் கொடுத்தீர்கள், எனக்கு இத்தனை பேரைச் சொந்தமாக்கித் தந்தீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்து, ஐயாவிடம் சொல்லவும் கூச்சப்பட்டு, இப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொல்கிறேன். என் அப்பச் சட்டியைக் கையோடு கொண்டு வருகிறேன். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் என் கையால் சுட்டுப் போடுவேன். உங்கள் வழக்கத்தை மீற மாட்டேன். ஒருத்தியைக் கட்டிக்கொண்டால் எல்லோரையும் கட்டிக்கொள்வேன், செல்லக்கனியைக் கொஞ்சம் கூடுதலாக, அதற்கு மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் வந்து உங்கள் வாசலில் நிற்கும்போது பிள்ளைகள் எல்லோரும் ஓடி வருவார்கள். எல்லோரும் பச்சைக் கவுனில் இருப்பார்கள். எல்லோரும் கண்டி அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அழகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் அம்மா. வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். கையை மட்டும் பிடித்திருங்கள். நான் பார்த்துக்கொண்டு நேராக அவளிடம் வந்துவிடுவேன். அம்மாவுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்று என் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் பிள்ளைகளில் ஒருத்தியாக,
பாலம்மா